பின்சக்கரத்தருகே ஒரு டர்போ

மான்குர்த் மண்டாலாவிலுள்ள காயலான் கடைகளுக்கு நானும் நண்பர் ஒருவரும் போயிருந்தோம். டீசல் வண்டியிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றை நண்பர் விலை பேசினார். தந்தையாரின் பழைய பெட்ரோல் காரில் பொருத்தவேண்டுமாம். "பானெட்டுக்குள் இடமேது?" என்றேன். "பின்னால், சைலன்சர் இருக்குமிடத்தில் வைப்பேன்" என்றார். நான் நகைத்தேன். நகைத்தது தவறு.

டர்போ என்பது ஓர் அச்சும் அதன் இரு முனைகளில் இரு சிறு சக்கரங்களுமே. ஒன்றை எஞ்சினின் புகை சுழற்றும். மற்றொன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும். இஃது எஞ்சினை ஒட்டியே இருக்கவேண்டும் என்பதில்லை. இரண்டாம் உலகப்போரின் தண்டர்போல்ட் விமானத்தில் எஞ்சின் மூக்கில் இருந்தது. டர்போவோ விமானிக்கும் பின்னால், வால் பக்கம். புகை நீண்ட குழாய் வழியே பின்னே போகும். அழுத்திய காற்று முன்னே திரும்பும். 1944-இல் பெங்களூரை அடுத்த எலகங்காவில் பிரிட்டிஷ் விமானப்படையினர் இவ்விமானத்தில் பழகிப் பர்மாப் போர்முனைக்குச் சென்றனர்.

ஆனால் தொலைவுக்கு விலையுண்டு. 900 டிகிரி சென்டிகிரேடில் புறப்படும் புகை 500-க்குத் தணிந்தால், அதன் கன அளவு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். ஆகவே புகை புகும் கூடு சிறிதாக இருக்கவேண்டும். நீண்ட குழாய் நிரம்பும் வரை காலால் மிதித்த வேகம் உடனே வாராது. டீசல் டர்போ பெட்ரோல் புகையின் சூட்டை எளிதில் தாங்காது. பின்னால் சூடு குறைவு என்பது மட்டும் நண்பருக்குச் சாதகம்.

இவற்றையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, கடைக்கார அண்ணாச்சி ஒரே கேள்வி கேட்டார்: "ஆயில் எப்படித் தம்பி திரும்பி வரும்?"

அதுதான் கேள்வி! நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அச்சுக்கு எஞ்சின் எண்ணெய்தான் உயிர். வழக்கமான இடத்தில் அது தானே வடிந்து எஞ்சினின் அடித்தொட்டிக்குத் திரும்பும். காரின் வயிற்றுக்கு அடியிலோ டர்போ தொட்டியை விடத் தாழ்ந்திருக்கும். எண்ணெயை இழுத்து முன்னே அனுப்பத் தனிப் பம்பு வேண்டும். பம்பு நின்றால் எண்ணெய் புகைக்குழாய்க்குள் கசியும். கவனியாமல் ஓட்டினால் தொட்டி வறண்டு எஞ்சினும் போம்.

இன்னொன்று பம்பாய் மழை. காற்றை உறிஞ்சும் வாய் தரையருகே இருந்தால் தெருவெள்ளம் நேரே எஞ்சினுக்குள் ஏறிவிடும். அதைக் குழாய் வைத்து உயர்த்தியாக வேண்டும். சட்டம் வேறு இருக்கிறது: பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

நண்பர் டர்போவைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணாச்சி, பம்பு இருக்கா?" என்றார்.