கப் ஜெயிச்சாலும் புரமோஷன் இல்லை... இது ரக்பி கணக்கு!

லீக்கில் முதலிடம் பிடிச்சா அடுத்த டிவிஷனுக்குப் போகலாம். கால்பந்து பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ரூல் இது. ஆனா, இங்கிலாந்து ரக்பி யூனியனின் இரண்டாம் நிலை லீக்காக இருந்த சாம்பியன்ஷிப்பில் அது மட்டும் போதலை.

2023-24 சீஸனையே எடுத்துக்கலாம். முந்தைய சீஸனின் சாம்பியன் ஜெர்ஸி ரெட்ஸ், பணம் இல்லாமல் 2023 செப்டம்பரில் இழுத்து மூடப்பட்டது. மிச்சமிருந்த 11 அணிகளில் மேற்கு லண்டனின் ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ் முதலிடம் பிடிச்சது. ஆனாலும், மேலே உள்ள பிரீமியர்ஷிப்புக்கு அவங்களால் போக முடியலை. காரணம், குறைந்தபட்சத் தகுதி விதிகள். அதில் முக்கியமானது, மைதானத்தில் எத்தனை பேருக்கு இடம் இருக்கு என்பது. 2022-ல் இதே ஈலிங் சாம்பியன் ஆனபோதும், 10,001 பேருக்கு இடம் வேணும் என்ற விதிதான் குறுக்கே நின்னது.

அந்தப் பக்கம் பிரீமியர்ஷிப்பில், நியூகாஸில் ஃபால்கன்ஸ் ஆடிய 18 லீக் போட்டிகளிலும் தோல்வி. ஆனாலும் கீழே இறங்கலை! மேலே வரத் தகுதியான அணி இல்லைன்னா, யாரும் இறங்க வேண்டியதில்லை என்பதுதான் அப்போதைய விதி.

பெரிய மைதானம் கட்டப் பணம் வேணும். பணமும் கூட்டமும் மேல் லீக்கில்தான் இருக்கு. அங்கே போகணும்னா முதலில் மைதானம் வேணும்னு இருந்தது. அப்போ, களத்தில் ஜெயிச்சவங்க எங்கே போய் முட்டிக்கிறது?