உங்களுக்குத் தெரியுமா? பூந்தமல்லிக்காரரைக் குருவாகக் கொண்ட இராமானுசர்

இராமானுசருக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் பூந்தமல்லிக்காரர். அவர்தான் திருக்கச்சி நம்பிகள். வைசியக் குலத்தில் பிறந்த இவர் பூந்தமல்லி நந்தவனத்துப் பூக்களைக் காஞ்சி வரதராசருக்குச் சாத்தி, விசிறி வீசித் தொண்டு செய்தார்.

பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த அந்தணர் இராமானுசர், நம்பிகளின் காலில் விழவும், அவர் உண்ட மிச்சத்தை உண்ணவும் விரும்பினார். அன்றைய வழக்கத்தில் இது எண்ணிப் பார்க்கவே முடியாதது. நம்பிகளே தயங்கினார்! வற்புறுத்தி விருந்துக்கு அழைத்தார் இராமானுசர். அவர் வெளியே சென்றிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து உண்டு போய்விட, மனைவி தஞ்சமாம்பாள் எச்சிலிலையை எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். திரும்பிவந்த இராமானுசர் மனம் உடைந்துபோனார்.

தஞ்சமாம்பாளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. ஊரே அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தைச் சுமந்த இராமானுசர், பின்னாளில் கர்நாடகத்து மேல்கோட்டையில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோரைத் ‘திருக்குலத்தார்’ என்றழைத்து, ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் வர வழிசெய்தார் என்பது வைணவ மரபு. சில நாட்கள்தானா என்று இன்று கேட்கத் தோன்றும், கேட்கவும் வேண்டும்.

பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்குத் தனிச் சன்னிதி உண்டு.