மின்சார லாரியில் குளிர்ச் சரக்கு: கடனுக்கு முன் ஒரு கணக்கு

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுமிடம் என்றே புத்தூரை நம்மில் பலர் அறிவோம். திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ள அவ்வூர், சரக்குப் போக்குவரத்துக்கும் வழி. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மாம்பழமும் பாலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் செல்கின்றன. இச்சரக்கை ஏற்றிச்செல்ல மின்சார லாரி உதவுமா? கடன் பெற்றே லாரி வாங்குவோருக்கு இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. மாதத் தவணையைத் தாங்குமா என்னும் கேள்வியுமாகும்.

குளிருக்கு எவ்வளவு மின்சாரம்?

எல்லாச் சரக்குக்கும் குளிர்சாதனம் தேவையில்லை. கிருமி நீக்கி அடைக்கப்பட்ட மாம்பழக் கூழ் சாதாரண லாரியிலேயே செல்லும். 4 டிகிரிக்குக் குளிர்வித்த பாலை, வெப்பம் புகாத டேங்கரே காத்துக்கொள்ளும். பழமாக அனுப்பும் மாம்பழத்துக்கு ஏறத்தாழ 13 டிகிரி தேவை. அதனினும் வெகுவாகக் குறைந்தால் தோல் கறுக்கும்.

கணக்குக்காக, 16 டன் மொத்த எடையுள்ள ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். பாரத்தோடு கி.மீ.க்கு 0.9 யூனிட், வெறும் வண்டியாக 0.65 யூனிட், குளிர்சாதனத்துக்கு மணிக்கு 4 யூனிட் என்பன நமது அனுமானங்கள். பேட்டரி 250 யூனிட். அதில் 200 யூனிட்டையே பயன்படுத்துவது நல்லது.

மூன்று தூரங்கள், மூன்று விடைகள்

புத்தூரிலிருந்து கோயம்பேடு சுமார் 115 கி.மீ. போக 104, திரும்ப 75, ஆறு மணி நேரக் குளிருக்கு 24 என மொத்தம் 203 யூனிட் செலவாகும். சரக்கிறக்கும் நேரத்தில் சிறிது மின்னேற்றினால் கவலையின்றித் திரும்பலாம்.

பெங்களூரு சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு 225 யூனிட். எட்டு மணி நேரக் குளிருக்கு 32. சாலையோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 16 டன்னை 750 மீட்டர் உயர்த்தவே 33 யூனிட் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் 40. ஆக, ஏறத்தாழ 300 யூனிட். இடையில் ஒருமுறை, ஒரு மணி நேரம் நின்றேயாக வேண்டும். 2025 நவம்பர் வரை நடைமுறையிலிருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு வேண்டுமென்றது. அந்த ஓய்வையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

தில்லி 2,100 கி.மீ.க்கும் மேல். வழியில் பத்து முறையேனும் மின்னேற்ற வேண்டும். லாரி நிற்க இடமும் போதிய திறனும் உள்ள நிலையம் ஒவ்வோரிடத்திலும் அமைய வேண்டும். ஒன்று பழுதானாலும் பழம் காத்திருக்காது. இன்றைய நிலையில் அப்பயணத்துக்கு டீசலும் இரயிலுமே ஏற்றவை.

தவணைக் கணக்கு

மின்சார லாரியின் விலை டீசல் லாரியினும் மிகுதி. கூடுதல் விலை 30 இலட்சம் எனவும், அதை 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெறுவதாகவும் கொள்வோம். மாதத் தவணை சுமார் 64,000 ரூபாய்.

கோயம்பேடு சென்று திரும்ப, லிட்டருக்கு 5 கி.மீ. வீதம் டீசல் 46 லிட்டர். குளிருக்கு மணிக்கு 2 லிட்டர் வீதம் 12 லிட்டர். லிட்டர் 95 ரூபாயானால் 5,510 ரூபாய். மின்னேற்ற இழப்பையும் சேர்த்து 223 யூனிட், யூனிட் 10 ரூபாயானால் 2,230 ரூபாய். ஒரு நடைக்கு மிச்சம் 3,280 ரூபாய். மாதம் 20 நடை ஓடினால் கூடுதல் தவணை கட்டுப்படியாகும்.

குளிர் தேவைப்படாத சரக்கானால் அதே தவணைக்கு 27 நடை ஓட வேண்டும். பலரும் சுமையென அஞ்சும் குளிர்சாதனமே இங்குக் கணக்கை இலாபத்தின் பக்கம் திருப்புகிறது. ஆனால் பொது நிலையத்தில் யூனிட் 18 ரூபாய்க்கு மின்னேற்றினால் 43 நடை தேவை. நாளொன்றுக்கு ஒரு நடை ஓடும் வண்டிக்கு அது இயலாது. ஆகவே பொதியிடும் கூடத்திலேயே மின்னேற்ற வசதி இருப்பது இன்றியமையாதது. அதற்கான மின் இணைப்புச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அரசின் உதவியும் உண்டு. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கான ஊக்கத்தொகை 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எடைக்கேற்ப அதிகபட்சம் 9.6 இலட்சம் ரூபாய். பழைய லாரியை அழித்த சான்றிதழ் அதற்கு அவசியம். பேட்டரிக்கு ஐந்தாண்டு அல்லது 5 இலட்சம் கி.மீ. உத்தரவாதத்தை உற்பத்தியாளர் தர வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன்

மாம்பழப் பருவம் சில மாதங்களே. தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். பருவம் முடிந்தபின் காய்கறி, தயிர், ஐஸ்கிரீம் போன்ற சரக்குக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டா? மாதம் 20 நடை உறுதியா? இரவில் மின்னேற்ற நமக்கென இடமுண்டா? மூன்றுக்கும் விடை 'ஆம்' எனில், அத்தாள்களோடு கிளையை அணுகலாம். ஒன்றுக்கேனும் 'இல்லை' எனில், வீட்டுப் பத்திரத்தைப் பிணையாக வைக்குமுன் ஒரு பருவம் பொறுத்திருப்பதே நலம்.