ட்ரோன் வரைபடத்தை நம்பி மண்ணை வெட்டலாமா?

போன ஆடியில் பண்ணைக்குட்டை வெட்ட நாள் குறித்துவிட்டேன். ட்ரோன் வரைபடத்தில், பலதானியம் விதைத்திருந்த மேல்காட்டில் இரண்டடிப் பள்ளம் தெரிந்தது. ஜேசிபிக்கும் சொல்லியாச்சு. முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "மழைக்கு அங்க தண்ணி நின்னு நான் பார்த்ததே இல்லையே தம்பி" என்றார். ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். பள்ளமே இல்லை. ஒரு சாண் மேடு!

எங்கே தப்பு? ட்ரோன் எடுத்த படங்களை சாஃப்ட்வேர் ஒன்றோடொன்று பொருத்துகிறது. ஒரு படத்தில் உள்ள கல்லை அடுத்த படத்திலும் தேடிப் பிடித்து ஜோடி சேர்க்கும். இதற்கு 'டை பாயிண்ட்' என்று பெயர். பொருத்தப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலிருந்து அந்தக் கல்லுக்கு இழுத்த கோடுகள் எங்கே சந்திக்கின்றனவோ, அதை வைத்துத்தான் உயரம் கணக்காகிறது.

கல் நகராது. ஆடிக் காற்றில் பயிர் ஆடும். ட்ரோன் 60 மீட்டர் உயரத்தில் பறந்து 15 மீட்டருக்கு ஒரு படம் எடுத்தால், பறக்கும் திசையில் இலை 15 செ.மீ. அசைந்தாலே உயரத்தில் சுமார் 60 செ.மீ. தப்பு வரும். நான்கு மடங்கு! அதுதான் என் இரண்டடிப் பள்ளம்.

அறிக்கையில் பிழை அரை பிக்சல்தான் என்று போட்டிருந்தது. ஒரு பிக்சலுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் இரண்டே படத்தில் வந்த புள்ளிக்கு அந்த எண்ணை நம்பக் கூடாது. இரண்டு கோடுகள் தப்பான இடத்திலும் அழகாகச் சந்தித்துவிடும். மறுத்துச் சொல்ல மூன்றாவது சாட்சி இல்லையே! பேங்க்கில் வேறொருவர் கணக்கில் பணத்தை வரவு வைத்தாலும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும். அதே கதைதான்.

வரைபடம் வாங்கும்போது தர அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பார்க்க வேண்டியவை:

1. ஒரு புள்ளி எத்தனை படத்தில் தெரிகிறது? மூன்றுக்குக் குறையக் கூடாது. ஒரு படத்தின் மேல் அடுத்த படம் 80 சதவீதம் படிந்தால், ஒரே இடம் ஐந்து படத்தில் கிடைக்கும்.

2. புள்ளிகள் நிலம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா? பயிர், தண்ணீர், நகரும் நிழல் உள்ள இடத்தில் குறைவாகவோ தப்பாகவோ இருக்கும்.

3. படம் எடுத்த இடங்கள் மிக நெருக்கமா? கோடுகள் ஒட்டினாற்போல் சந்தித்தால் உயரம் ஆட்டம் காணும்.

4. எப்போது பறந்தது? அறுவடை முடிந்து, காற்றில்லாத நேரமே நல்லது. பயிர் நிற்கும்போது எடுத்தால் தெரிவது பயிரின் தலை, மண் அல்ல.

கடைசியாக, நம் கையால் ஒரு ஆடிட். பறக்குமுன் பத்து இடத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு, ட்யூப் லெவலில் உயரம் எடுங்கள். ஆறு இடத்து அளவை மட்டும் கொடுத்து, நான்கை உங்கள் நோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் வந்ததும் அந்த நான்கையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் வரப்பு போடலாம், குட்டை வெட்டலாம். இல்லையென்றால் ஜேசிபியைத் திருப்பி அனுப்புங்கள்.

என் குட்டை இப்போது பெரியவர் காட்டிய கீழ்மூலையில் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு நிரம்பிவிட்டது.