தனியார் கல்லூரியில் கலை, வடிவமைப்புக் கல்வி

கலை, வடிவமைப்புக் கல்வி என்பது ஓவியம், சிற்பம், அச்சுப்படம் முதலிய கவின்கலைகளையும், ஒரு பொருளையோ செய்தியையோ பயன்படுத்துவோருக்கு ஏற்ற வடிவில் உருவாக்கும் வடிவமைப்பையும் கற்பிக்கும் உயர்கல்வி ஆகும். தமிழ்நாட்டில் இதை அரசுக் கல்லூரிகளும், சென்னை போன்ற நகரங்களின் தனியார் கல்லூரிகளும் வழங்குகின்றன. உத்திரமேரூர் வட்டம் சாலவாக்கம் போன்ற ஊர்களில் பிளஸ் டூ முடித்து, கை நன்றாக வரையும் என்பதை மட்டும் நம்பி நகரத்துக்குக் கிளம்பும் மாணவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கலையும் வடிவமைப்பும்

இரண்டுக்கும் வரைதல் அடிப்படை. ஆனால் ஓவியர் தம் மனத்துக்குப் பதில் சொன்னால் போதும். வடிவமைப்பாளர் பயன்படுத்துகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்குக் கட்டத்தாளில் பூ வரைகிறவர், அது அழகாக இருக்கிறதா என்பதோடு நின்றுவிட முடியாது. அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை குத்த முடியுமா, எத்தனை இழை பிடிக்கும், கரைக்குள் அடங்குமா என்றெல்லாம் கணக்குப் போட வேண்டும். அதுதான் வடிவமைப்பு.

இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த இந்திய அறிக்கையில், இந்நாட்டின் பொருள்களுள் அவர்கள் மிகவும் வியந்தது நம் வீட்டுச் செம்பை. இடுப்பில் வைத்தாலும் தலையில் வைத்தாலும் பொருந்துவது, நீரை ஊற்ற வசதியானது, தேய்த்துக் கழுவ எளிது என்று பல தலைமுறைகள் யோசித்துத் திருத்திய வடிவம் அது. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. வடிவமைப்பு என்றாலே கணினி என்று நினைக்கும் மாணவர்கள் ஒரு செம்பைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்க்கலாம்.

தனியார் முயற்சியாகத் தொடங்கிய வரலாறு

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி நாட்டின் மிகப் பழைய கலைக் கல்லூரிகளுள் ஒன்று. அதுவே தனியார் பள்ளியாகப் பிறந்ததுதான். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியில் அதைத் தொடங்கினார். 1852இல் அரசு ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் அது கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்த பள்ளி. 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் பணியைத் தொடங்கினார். பின்னாளில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வரானார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது.

அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த ஓவியர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்வியை நேராக எதிர்கொண்டார். அவர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருவாயில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாயிற்று. அதே கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே ஓவியராக வளர்ந்தார். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். “படம் போட்டால் சோறு வருமா” என்று கேட்கும் பெற்றோருக்கு இவ்விரண்டையும் சொல்லலாம். அந்தக் கேள்வி தவறானதும் அல்ல.

என்னென்ன படிப்புகள்

குழப்பம் இங்கேதான். பி.எஃப்.ஏ. என்னும் கவின்கலை இளநிலைப் பட்டமும், பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டமும் நான்கு ஆண்டுப் படிப்புகள். தனியார் கலை அறிவியல் கல்லூரிகளில் மிகுதியாக இருப்பது பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், மூன்று ஆண்டு. இதைச் சினிமாப் படிப்பு என்று எண்ணிச் சேர்கிறவர்கள் உண்டு. வரைதல், ஒளிப்படம், விளம்பரம், ஊடகக் கோட்பாடு, படத்தொகுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உள்ள படிப்பு அது. சென்னையில் லயோலா கல்லூரியில் இத்துறை உண்டு. 1947இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் மகளிர் கல்லூரியில் கவின்கலைத் துறையே உள்ளது. சென்னை ஓவிய இயக்கத்தை ஆராய்ந்த அஷ்ரபி பகத் அத்துறையின் தலைவராக இருந்தவர்.

தேசிய வடிவமைப்பு நிறுவனம், தரமணியில் உள்ள நிஃப்ட், ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் யூசீட் ஆகியவற்றுக்குத் தனித்தனி நுழைவுத் தேர்வுகள். இவற்றின் வினாத்தாள் தமிழில் வருவதில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குத் தனியார் கல்லூரி எளிதான கதவாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். பிளஸ் டூ மதிப்பெண் இருந்தால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். எளிதாகத் திறக்கும் கதவுக்கு விலை கூடுதல்.

பணம் கட்டுவதற்கு முன்

பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு என்று 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவில் கூறுகிறது. எனவே “டிசைன் அகாடமி” என்று பலகை வைத்த நிறுவனத்தில் முதலில் கேட்க வேண்டியது, பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்பது. பதில் சுற்றி வளைத்து வந்தால் அது பட்டயமாகவோ வெறும் பயிற்சிச் சான்றாகவோ இருக்கக்கூடும். மென்பொருள் கற்க அது போதும். பட்டம் கேட்கும் அரசு வேலைக்கும் முதுநிலைப் படிப்புக்கும் உதவாது. அடகுக் கடையில் நகையை வைத்த பிறகு இந்த வேறுபாடு தெரியவந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

அடுத்தது பயிற்சிக்கூடம். ஆண்டுக் கட்டணத்தைச் சொல்லும் அலுவலகம், கேமரா, மடிக்கணினி, வண்ணம், தாள், களப்பயணம், விடுதி ஆகியவற்றின் செலவைத் தானாகச் சொல்லாது. எல்லாவற்றையும் எழுதித் தரக் கேட்கலாம். வகுப்பு நடக்கும் நாளில் நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அவருடைய போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொன்னால், விளம்பரப் புத்தகம் சொல்லாததெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விளம்பரத்தின் வழவழப்பைக் கண்டு நான் எப்போதும் சற்றுப் பின்வாங்குவேன்.

சேர்ந்த பின் வேறிடம் கிடைத்தால்? மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு வரை, அதிகம் போனால் 5,000 ரூபாய், பிடிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கையில் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் என்றால் 80, 30 நாளுக்குள் என்றால் 50, அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை. பல்கலைக்கழக இணைப்பு இல்லாத பயிற்சி நிறுவனங்களிடம் இந்த விதியைக் காட்டிப் பயனில்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1,000 ரூபாய் தரும் வகையில் தொடங்கப்பட்டன. கட்டணத்துக்கு அது போதாது. வண்ணத்துக்கும் தாளுக்கும் பேருந்துக்கும் ஆகும்.

அருகில் உள்ள பிற வாய்ப்புகள்

தனியார் கல்லூரி விண்ணப்பத்தோடு அரசுக் கல்லூரி விண்ணப்பங்களையும் போட வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், அச்சுப்படம் மட்டுமல்லாமல் காட்சித் தொடர்பு வடிவமைப்பு, நெசவு, சுடுமண் வடிவமைப்பு ஆகிய பிரிவுகளும் உண்டு. செங்கல்பட்டில் மின்தொடர் வண்டி ஏறினால் எழும்பூரில் இறங்கிவிடலாம்.

சாலவாக்கத்துக்குச் சென்னையைவிட அருகில் இருப்பது மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். நம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாக ஜல்லி போகிறது. கல்லைச் சிற்பமாக்கும் படிப்பு சில மணி நேரப் பயணத்தில் இருப்பது இங்குள்ள பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

எங்கே சேர்வதானாலும் வரைந்து பழகிய கை வேண்டும். பள்ளியில் ஓவியப் பிரிவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டதால் அந்தப் பழக்கத்தை வீட்டில்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரையாமல், எதிரில் உள்ள மனிதரையும் மாட்டையும் பேருந்து நிறுத்தத்தையும் பார்த்து நாளுக்கு இரண்டு பக்கம் வரையலாம். எழுத்து வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய், 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டு வரிகள் சுவரின் அளவுக்குள் எப்படி அடக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, சுவரைத் தொடாமல், தாளில் எழுதிப் பழகலாம். இப்படிச் சேரும் தாள்களில் தேதி குறித்து வைத்தால், கல்லூரிகள் கேட்கும் போர்ட்ஃபோலியோவின் முதல் பகுதி அதிலிருந்தே கிடைத்துவிடும்.