வெளிநாட்டில் போஸ்ட்டாக்: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கட்டணம் கட்டினால் ஆறே மாதத்தில் ‘போஸ்ட்டாக்டரல் பட்டம்’ என்று சொல்லும் விளம்பரங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழுகின்றன. வெளிநாட்டுப் பெயர் வைத்த ஒரு நிறுவனம், ஆன்லைனில் ஓரிரு கூட்டம், கடைசியில் ஒரு சான்றிதழ். போஸ்ட்டாக் என்பது பட்டமே இல்லை. பிஎச்.டி. முடித்த ஒருவரைப் பல்கலைக்கழகம் சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளும் வேலை அது. பணம் அங்கிருந்து இங்கே வர வேண்டும். சொந்தக் காசில் போகும் வருகை ஆய்வாளரிடம் சில நல்ல பல்கலைக்கழகங்களும் ஆய்வகக் கட்டணம் வாங்குவது உண்டு. அது வேறு வகை. அதை போஸ்ட்டாக் என்று சொல்லி விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

இது வேலை என்பது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவற்றைக் கேட்பதற்குத் துணிச்சல் வரும். நம் ஆய்வாளர்கள் பலர் மாணவர் மனநிலையிலேயே கிளம்புகிறார்கள். பேராசிரியர் கூப்பிட்டதே பெரிய விஷயம், இதில் சம்பளம், காப்பீடு என்று கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம். எந்த நல்ல பேராசிரியரும் தப்பாக நினைக்க மாட்டார். தப்பாக நினைப்பவரை முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

விண்ணப்பத்தில் முதல் சிக்கல் தேதி. நம் பல்கலைக்கழகங்களில் தீசிஸ் சமர்ப்பித்து, வைவா நடந்து, ப்ரொவிஷனல் சான்றிதழ் வந்து, பட்டமளிப்பு விழா முடிய மாதக்கணக்கில் ஆகிறது. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு தேதிகள். வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புகளோ பட்டம் பெற்ற நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடுகின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை இளம் ஆய்வாளருக்குத் தருவது பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள். ஜப்பானின் ஆய்வு நிதி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ் 6 ஆண்டுகளுக்குள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி ஃபெல்லோஷிப் 2025 அழைப்பில் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்றது. எந்தத் தேதியை எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு, நோய் காரணமாக இடையில் விட்டுப்போன காலத்தைப் பல திட்டங்கள் கழித்துக்கொள்கின்றன. நம் பெண்கள் இதைக் கேட்காமலேயே ‘வயதாகிவிட்டது, காலம் கடந்துவிட்டது’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது அவர்களுக்குரிய சலுகை, விதியிலேயே இருக்கிறது.

மேரி கியூரிக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. போக நினைக்கும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஏற்கெனவே அங்கே ஒரு சிறு வேலையில் இருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். விண்ணப்பக் கெடு பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணி. செப்டம்பரில் நமக்கு அது இரவு 8.30. 2025 அழைப்புக்கு 17,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசி மணி நேரத்தில் இணையதளத்தை நம்பி உட்காரக் கூடாது.

பரிந்துரைக் கடிதத்திலும் நமக்கென்று ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் கைடுகள் பலர் ஜிமெயிலிலேயே எல்லாக் கடிதப் போக்குவரத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பல, நிறுவன மின்னஞ்சல் முகவரியைத்தான் கேட்கின்றன. ஜிமெயிலில் வரும் கடிதத்தை மாணவரே எழுதி அனுப்பினாரோ என்று சந்தேகிக்கவும் இடமுண்டு. ‘நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று கைடு சொன்னால், கடிதத்துக்குப் பதிலாக உங்கள் ஆய்வின் குறிப்புகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவர் நடையில் அவரே எழுதட்டும். துறைக்குரிய மின்னஞ்சல் கணக்கைத் திறந்துவைக்கும்படி இரண்டு மாதம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ பணியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று, விடுப்பு இரண்டுக்கும் அதே நேரத்தில் மனுப் போட்டுவிடுவது நல்லது. அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் வெளிநாட்டில் சேர வேண்டிய தேதி தாண்டிவிடும்.

மோசடிக் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வருகின்றன. உண்மையான பேராசிரியரின் பெயரும் புகைப்படமும் இருக்கும். மின்னஞ்சல் முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரு எழுத்தோ ஒரு கோடோ கூடுதலாக ஒட்டியிருக்கும். நேர்காணல் இல்லாமலேயே ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்பார்கள். பிறகு விசா ஆவணக் கட்டணம், கூரியர் செலவு, திரும்பக் கிடைக்கும் காப்பீட்டு முன்பணம் என்று ஒவ்வொன்றாக வரும். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்துக்கு நீங்களே போய், அங்குள்ள முகவரியில் அந்தப் பேராசிரியருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் எழுதிக் கேளுங்கள். வந்த கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லி, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வங்கிகள் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஆஃபர் லெட்டர். நம்மவர்கள் சம்பள எண்ணைப் பார்த்ததும் அதை ரூபாயில் பெருக்கிவிட்டு, கடிதத்தை அம்மாவிடம் காட்டப் போய்விடுகிறார்கள். நிதானமாக உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டிய கடிதம் அது.

அமெரிக்கக் கடிதங்களில் பெரும்பாலும் கீழே ஒரு வாக்கியம் இருக்கும்: இந்த நியமனம் ஓராண்டுக்கு, நீட்டிப்பு, பணித்திறனையும் நிதி இருப்பையும் பொறுத்தது. பேராசிரியர் ‘மூன்று வருடத் திட்டம்’ என்று வாயால் சொல்லியிருப்பார். எழுத்தில் இருப்பது ஓராண்டு மட்டுமே. நிதி எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது, முடிந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றையும் கேளுங்கள். ஏனென்றால் ஜே-1 என்ற அமெரிக்கப் பரிமாற்ற விசாவில் இருப்பவருக்கு வேலையும் விசாவும் ஒரே முடிச்சு. நியமனம் முறையாக முடிந்தால் நாட்டை விட்டுக் கிளம்பப் பொதுவாக 30 நாள்தான். வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் அந்த 30 நாளுக்குள் அடங்க வேண்டும்.

நீங்கள் ஊழியரா, ஃபெல்லோவா என்பது அடுத்த கேள்வி. ஊழியர் என்றால் சம்பளம், காப்பீடு, விடுப்பு, பல இடங்களில் ஓய்வூதியப் பங்கும் உண்டு. ஃபெல்லோ என்றால் உதவித்தொகை மட்டும் என்று நின்றுவிடலாம். ஹம்போல்ட் தொகை அத்தகையது; சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இல்லை, மருத்துவக் காப்பீட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மேரி கியூரியில் தலைகீழ்: ஏற்கும் நிறுவனம் வேலை ஒப்பந்தம் போட்டு, சமூகப் பாதுகாப்போடு அமர்த்த வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அறிவிப்பில் காணும் தொகை கைக்கு வராது. 2023, 2024 அழைப்புகளில் மாத வாழ்க்கைப்படி 5,080 யூரோ என்றிருந்தது. நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசிக் குணகத்தால் அதைப் பெருக்க வேண்டும். வரும் தொகையிலிருந்து நிறுவனம் கட்ட வேண்டிய பங்கு, நாம் கட்ட வேண்டிய பங்கு, வருமான வரி மூன்றும் போகும். ‘கைக்கு மாதம் எவ்வளவு?’ என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டால் தோராயக் கணக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்த பிறகு குடும்பத்தை அழைத்துப் போவதா என்று முடிவு செய்யலாம்.

அமெரிக்காவில் அளவுகோலாக ஒரு எண் இருக்கிறது. தேசிய சுகாதார நிறுவனம் அந்நாட்டவருக்குத் தரும் பயிற்சி ஃபெல்லோஷிப்பில், புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு 2024-ல் ஆண்டுக்கு 61,008 டாலர். நமக்கு அந்த ஃபெல்லோஷிப் கிடையாது என்றாலும், பல பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக் சம்பளத்தின் அடிமட்டமாக அதைத்தான் வைத்திருக்கின்றன. அதற்கு வெகுவாகக் குறைந்த எண் உங்கள் கடிதத்தில் இருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வரி விஷயத்தில் நம் நாட்டவருக்குக் கிடைக்கும் ஒரு சலுகையையும் அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ம் பிரிவுப்படி, இந்தியாவில் குடியிருந்து ஆராய்ச்சிக்கோ கற்பிப்பதற்கோ பல்கலைக்கழகம் போகிறவருக்கு இரண்டு ஆண்டு வரை அந்த வருமானத்துக்கு அமெரிக்க வருமான வரி இல்லை. 8233 என்ற படிவத்தைச் சம்பளப் பிரிவில் கொடுத்தால் பிடித்தம் நின்றுவிடும். ஆனால் தங்கும் காலம் இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டால், முதல் நாளிலிருந்தே அந்த விலக்கு செல்லாது என்று ஆகிவிடலாம். மூன்றாம் ஆண்டில் மொத்தமாக வரி கட்டச் சொல்லும்போது கையில் பணம் இருக்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கப் போவது உறுதி என்றால், சலுகையை எடுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் வரிப் பிரிவில் கலந்து பேசுங்கள்.

விசாவில் நல்ல செய்தி ஒன்று. ஜே-1-ல் போனவர்கள் திரும்பிவந்து இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம், திறன் பட்டியல் என்ற ஒன்றின் வழியாக நம்மவர் பலரைப் பிடித்து வைத்திருந்தது. 2024 டிசம்பர் 9 முதல் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அரசு நிதியில் போகிறவர்களுக்கு, உதாரணமாக ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோக்களுக்கு, கட்டாயம் அப்படியே நீடிக்கிறது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு விதி 24 மாதத் தடை. ஆய்வு அறிஞர் என்ற பிரிவில் ஜே-1-ல் போய், எட்டே மாதம் வேலை செய்து திரும்பினாலும், அந்தத் திட்டம் முடிந்த நாளிலிருந்து 24 மாதத்துக்கு அதே பிரிவில் மீண்டும் போக முடியாது. ஊர் திரும்பிய பிறகு மூன்று ஆண்டு வாய்ப்பு வந்து, இந்த விதியால் கைநழுவுவது மிகப் பெரிய வேதனை. ஆறு மாதத்துக்குள் முடியும் வேலை என்றால் ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தைக் குறுகிய கால அறிஞர் பிரிவில் கேளுங்கள். அதற்கு இந்தத் தடை கிடையாது. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் போய்விடலாம் என்று நினைத்தால், வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் அதிபர் பிரகடனம் வெளியிட்டார். பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பொது விலக்கு தரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த நாடுகளில் ஆய்வாளருக்கென்று 2016-ல் வந்த உத்தரவு இருக்கிறது. ஆராய்ச்சி முடிந்த பிறகு வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது 9 மாதம் தங்க அது வழி செய்கிறது. இதை அறியாமல் ஒப்பந்தம் முடிந்த வாரமே பெட்டி கட்டிவிட வேண்டியதில்லை.

சேர்ந்த பிறகு தகராறு வந்தால் தனியாகத் தவிக்க வேண்டாம். கட்டுரையில் பெயரை விட்டுவிடுவது, விடுப்பு மறுப்பது, ‘விசாவை நீட்டிக்க மாட்டேன்’ என்று மிரட்டுவது ஆகியவை எங்கும் நடக்கின்றன. மின்னஞ்சல்களையும் ஆய்வுக் குறிப்பேட்டின் தேதிகளையும் சேர்த்து வையுங்கள். வாய்மொழியாகப் பேசியதை அன்றைக்கே ‘நாம் பேசியபடி’ என்று ஒரு சிறு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் ஓம்புட்ஸ் எனப்படும் நடுநிலை அலுவலர் ரகசியமாகப் பேசுவார். ஜெர்மனியில் ஆராய்ச்சி நிதி அமைப்பான டிஎஃப்ஜி 1999-ல் அமைத்த ஓம்புட்ஸ் குழுவை அந்த அமைப்பின் நிதி பெறாதவரும் அணுகலாம். தொழிற்சங்கம் இருந்தால் சேருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் போஸ்ட்டாக்குகள் உட்பட ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு பெற்றார்கள். நிலைமை கைமீறினால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம்; தூதரகத்தில் உள்ள இந்திய சமூக நல நிதியிலிருந்து துயரில் இருப்பவருக்குச் சட்ட உதவியும் கிடைக்கும். தமிழ்நாட்டவர் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தையும் நாடலாம்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மேரி கியூரியில் அது தானாகவே வரும். நடைமுறைப் பிழை இருந்தால் 30 நாளுக்குள் மறுஆய்வு கோரலாம், அறிவியல் மதிப்பீடு பிடிக்கவில்லை என்பதற்காக முடியாது. மதிப்பெண் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு விண்ணப்பிக்கத் தடை வரும் என்பதால், அரைகுறையாக எழுதி ‘போட்டுப் பார்ப்போம்’ என்று அனுப்பாதீர்கள். ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் முன்போல் தூதரகத்திடமே மறுபரிசீலனை மனுப் போடும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மறுப்புக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அதன் நகலைப் பேராசிரியருக்கும் பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பிரிவுக்கும் அனுப்பி, சேரும் தேதியைத் தள்ளிவைக்க எழுத்தில் கேளுங்கள். புதிய தேதி போட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, மறுப்புக்குச் சொன்ன காரணத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பியுங்கள்.