பல்லில் கை வைக்க உரிமை யாருக்கு?

இலங்கையில் பணம் வாங்கிக்கொண்டு பல் வைத்தியம் செய்பவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் இதற்கு அடிப்படை. பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் பல் சத்திரசிகிச்சைப் பட்டம் பெற்றவரே அந்தப் பதிவுக்குத் தகுதியானவர். வெளிநாட்டில் படித்து வந்தவர் இங்கே பதிவுக்கான பரீட்சையிலும் தேற வேண்டும். வைத்தியருக்குப் பதிவு இருப்பது போலவே தனியார் சிகிச்சை நிலையத்துக்கும் பதிவு வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம்.

பல் பிடுங்குவது, சொத்தையை அடைப்பது, ஊசி போட்டு விறைக்க வைப்பது, வாயில் அளவெடுத்துக் கட்டுப்பல் பொருத்துவது எல்லாம் பல் வைத்தியம்தான். இவற்றில் மக்கள் அதிகம் குழம்புவது கட்டுப்பல் விஷயத்தில். வைத்தியர் எடுத்துக் கொடுக்கும் அச்சைக்கொண்டு ஆய்வுகூடத்தில் பல்லைச் செய்து தருபவர் பல் தொழில்நுட்பவியலாளர். அது நுட்பமான, மதிப்புக்குரிய கைவேலை. ஆனால் அவரே நோயாளியின் வாயைத் திறந்து அளவெடுத்துப் பொருத்தத் தொடங்கினால் எல்லை தாண்டப்படுகிறது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து இலங்கையிலும் இந்தியாவிலும் குடியேறிய குடும்பங்கள் பல, பல் கட்டும் தொழிலைத் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் குலத்தொழிலாகவே நடத்திவந்தன. பட்டம் வருவதற்கு முன் உலகெங்கும் இந்தத் தொழில் அப்படித்தான் கைமாறியது.

அதனால் சட்டம் இயற்றியவர்கள் பழைய கைகளை ஒரேயடியாக வெட்டிவிடவில்லை. பிரித்தானியாவின் 1878ஆம் ஆண்டுச் சட்டம் பல் வைத்தியர் என்ற பெயருக்கு மட்டுமே காவல் போட்டது. பெயரைச் சூடாமல் தொழில் செய்தவர்கள் தப்பினார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் தொழிலையே பதிவு பெற்றவர்களுக்கு ஒதுக்கியது. அப்போதும் பல ஆண்டுகள் தொழில் செய்துவந்தவர்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டமில்லாத பழைய தொழிலாளர்களுக்கெனப் பதிவேட்டில் தனிப் பகுதி வைத்தது. பிரித்தானியாவின் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேலும் ஒரு விதிவிலக்கு இருந்தது: அவசர நிலையில், வைத்தியர் எவரும் கிடைக்காதபோது, விறைப்பு மருந்து எதுவும் கொடுக்காமல், பதிவு பெற்ற மருந்தாளர் பல் பிடுங்கலாம். வைத்தியரே இல்லாத ஊரில் தடையை மட்டும் போட்டால் வலி தீராது என்பதை அறிந்து எழுதிய வாசகம் அது.

தடை ஏன் வேண்டும்? பல் பிடுங்குவதில் கைவலுவுக்கு இருக்கும் பங்கு சிறிது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு, கட்டுப்பாடில்லாத நீரிழிவுக்காரருக்கு, இதய வால்வில் கோளாறுள்ளவருக்கு ஒரே ஒரு பல்லை எடுப்பதும் ஆபத்தாகலாம். கருவியைச் சரியாகக் கிருமியழிக்காவிட்டால் மஞ்சட்காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் பசையால் ஒட்டிவிடும் மலிவான கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவ முடியாது. அடியில் ஈறு அழுகி, நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். இவற்றையெல்லாம்விடக் கொடியது, புற்றுநோய்ப் புண்ணைப் பல் உறுத்தியதால் வந்த புண் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவது.

கண்டி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தெல்தோட்டையில் இந்தக் கடைசி ஆபத்துக்குத்தான் கனம் அதிகம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் லயத்து வாழ்வோடு கலந்தவை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. வாயைக் காட்டுவதற்கு இடம் தூரத்திலும் இல்லை. நாட்டின் பல் மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி, 1954இல் பேராதனைக்கு வந்தது. நெடுங்காலம் நாடு முழுவதற்கும் இருந்த ஒரே பல் மருத்துவக் கல்விக்கூடம் அதுவே. தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாக இறங்கினால் பேராதனை. வரைபடத்தில் இது பக்கம்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ பல் காட்டப் போகும் நாளில் பேர் விழாது. அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே கிராம்பு எண்ணெயில் நாட்கள் ஓடுகின்றன. பதிவில்லாதவருக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருவது இந்தத் தாமதம். தண்டனையை மட்டும் கடுமையாக்கினால் இது தீராது; சட்டப்படியான கை நோயாளியின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு வழியில்லாமல் இல்லை. 1921இல், பிரித்தானியா தொழிலை அடைத்த அதே ஆண்டில், நியூசிலாந்து பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கப் பெண்களைப் பயிற்றத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடு இலங்கையும் 1950களில் மகரகமவில் அத்தகைய பயிற்சியை ஆரம்பித்தது. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் பட்டம் பெற்ற வைத்தியர்கள் அல்லர். ஆனாலும் பிள்ளைகளின் சொத்தையை அடைக்கவும் பாற்பல்லை எடுக்கவும் முறைப்படி அனுமதி பெற்றவர்கள். அவர்கள் எல்லைக்கு அப்பாலுள்ளதை வைத்தியரிடம் அனுப்புவார்கள். இன்ன வேலை, இன்ன வயது, இன்ன மேற்பார்வை என்று வரையறுத்துக் கொடுத்த உரிமை அது. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் இலங்கை ஆய்வும் இதே திசையைக் காட்டியது. பயிற்சி பெற்ற 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்ட கிராமத்தவரின் வாயைப் பார்த்துச் சந்தேகத்துக்குரிய புண்களைக் கண்டறிந்தார்கள். ஆனால் மறுபரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் போனார்கள்.

எல்லையை யார் காவல் காப்பது என்பதும் சின்னக் கேள்வியல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில், பல்லை வெண்மையாக்கும் கடைகளைப் பல் வைத்தியர்களே பெரும்பான்மையாக இருந்த மாநிலப் பல் வைத்திய சபை தடுத்தது. அரசின் முனைப்பான மேற்பார்வை இல்லாமல் இப்படிப் போட்டியாளரை விலக்கினால், போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைக்காது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2013இல் வேறு பக்கம் நின்றது: பல்லை வெண்மையாக்குவதும் பல் வைத்தியமே என்றது. நோயாளியின் பாதுகாப்புக்காகப் போட்ட வேலி, தொழில் செய்வோர் சங்கத்தின் வேலியாக மாறக்கூடாது.

தெல்தோட்டையில் ஒருவர் செய்யக்கூடியது எளிது. சிகிச்சை அறையில் வைத்தியரின் பதிவுச் சான்றிதழையோ பதிவு இலக்கத்தையோ கேட்கலாம். அது எவரையும் அவமதிப்பதாகாது. சந்தேகம் இருந்தால் கொழும்பிலுள்ள மருத்துவ சபையிடம் அந்தப் பெயரை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவில் கட்டணம் இல்லை. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப் புண்ணை, வலி இல்லாவிட்டாலும், அங்கே காட்ட வேண்டும்.